மூச்சை மிச்சம் பிடித்தவர்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைப் பாடிய ஸ்லிம் ஹார்ப்போ என்று பேச்செடுத்தால் மவுத் ஆர்கன் வாசிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "நாலு ஸ்வரம்தானே வாசிக்கிறார்" என்பார்கள். சரிதான், நாலு ஸ்வரம்தான். அந்த நாலை எங்கே வைக்கிறார், ஐந்தாவதை ஏன் தொடாமல் விடுகிறார் என்று கேட்க ஆரம்பித்தால்தான் ஆளின் கெட்டிக்காரத்தனம் தெரியும். ப்ளூஸ் மவுத் ஆர்கனில் பெரும் பேர் வாங்கிய லிட்டில் வால்டரின் வேகத்தை எதிர்பார்த்து இவரைப் போட்டுக் கேட்பது, தவிலுக்கு என்று வந்து உட்கார்ந்துவிட்டுத் தம்புராவைக் குறை சொல்வது மாதிரி.

இயற்பெயர் ஜேம்ஸ் மூர். 1924 ஜனவரி 11 அன்று லூசியானாவில், லாப்டெல் என்ற சிற்றூரில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றின் இந்தக் கரையில் லாப்டெல், போர்ட் ஆலன். அந்தக் கரையில் பேட்டன் ரூஜ் நகரம். பெற்றோர் இறந்துபோக, மூத்த பிள்ளையான இவர் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், கட்டட வேலை பார்த்தார். வாரக் கடைசியில் 'ஹார்மோனிகா ஸ்லிம்' என்ற பெயரில் ஜூக் ஜாயின்ட்களில் வாசித்தார். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் குடியும் ஆட்டமும் சீட்டுக்கட்டுமாக நடந்த கறுப்பின மக்களின் கேளிக்கைக் கொட்டகைகள் அவை. பாட்டு நின்றால் ஆட்டம் நிற்கும், ஆட்டம் நின்றால் கடைக்காரரின் வியாபாரம் படுத்துவிடும். ராத்திரி முழுக்கப் பாடி வாசித்துத் தாக்குப்பிடிக்க வேண்டிய இடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த வட்டாரத்தில் அப்போது பெரிய பெயர் லைட்னின் ஸ்லிம். கிட்டார்க்காரர், பாடகர். அவருக்கு மவுத் ஆர்கன் வாசிக்கப் போய்த்தான் இவருக்கு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசல் திறந்தது. கூடம் இருந்தது பேட்டன் ரூஜில் இல்லை; மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, நெல் விளையும் கிரௌலி என்ற ஊரில். நடத்தியவர் ஜே.டி. மில்லர் என்ற வெள்ளைக்காரர். நாட்டுப்புறக் கன்ட்ரி பாட்டு எழுதிப் பெயர் வாங்கியவர். கேஜுன் (லூசியானாவின் பிரெஞ்சு வம்சாவளியினரின் இசை), கன்ட்ரி, ப்ளூஸ் என்று எது விற்குமோ அதைப் பதிவார். ப்ளூஸ் பதிவுகளை நாஷ்வில்லில் எர்னி யங் நடத்திய எக்செல்லோ இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார். இதே மில்லர்தான் 1960களில் இனவெறிப் பாட்டுகளையும் தனி லேபிள் போட்டு விற்றார். காலையில் கறுப்பினக் கலைஞரின் பாட்டு, மாலையில் அவர்களை இழிவுபடுத்தும் பாட்டு என்று ஒரே மனிதர் எப்படிச் செய்தார் என்று கேட்டால், கல்லாப்பெட்டி ஒன்றுதானே என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

1957இல் கிரௌலியில் முதல் பதிவு. ஒரு பக்கம் 'ஐ காட் லவ் இஃப் யூ வான்ட் இட்', மறுபக்கம் 'ஐ'ம் எ கிங் பீ'. வாத்தியக்காரர்கள் 'கிட்டார் கேபிள்' என்ற பெயர்கொண்ட கிட்டார்க்காரரின் குழுவினர். 'ஹார்மோனிகா ஸ்லிம்' என்ற பெயரில் மேற்குக் கரையில் ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. மவுத் ஆர்கனுக்கு அங்கே பேச்சுவழக்கில் 'ஹார்ப்' என்று பெயர். அதில் ஓர் ஓகாரம் சேர்த்து 'ஸ்லிம் ஹார்ப்போ' என்று வைக்கச் சொன்னது மனைவி லவெல். பெயர் மட்டுமல்ல, பல பாட்டுகளில் அவர் கையும் இருக்கிறது. இசைத்தட்டின் லேபிளில் மட்டும் அவர் பெயர் இருக்காது.

லேபிள் என்றதும் இன்னொன்று. 'ரெயினின் இன் மை ஹார்ட்' பாட்டின் ஆசிரியர்களாக ஸ்லிம் ஹார்ப்போவோடு ஜெர்ரி வெஸ்ட் என்று ஒருவர் பெயர் இருக்கும். யார் இந்த வெஸ்ட் என்று தேடிப் போக வேண்டாம், மில்லரின் புனைபெயர்தான். கூடத்தின் சொந்தக்காரர் பாட்டில் பங்குபோட்டுக்கொள்வது அந்தக் காலத்தில் ஊரறிந்த வழக்கம். தட்டு விற்ற காசு ஒரு வழியில் வரும். பாட்டின் உரிமைக் காசு வேறு வழியில் வரும், யார் மறுபடி பாடினாலும் வந்துகொண்டே இருக்கும். ஆசிரியர் பெயரில் பாதி போனால் அந்தக் காசில் பாதி போயிற்று.

மில்லர் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்லிம் ஹார்ப்போவின் சாதாரணக் குரல் எடுபடவில்லை என்று, மூக்கால் பாடிப் பார்க்கச் சொன்னது தாமே என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த மூக்குக் குரல்தான் கடைசிவரை அடையாளமாக நின்றது. மூக்கொலி கலந்த குரலும் மவுத் ஆர்கனுக்குள் அதிரும் பித்தளை நாக்கான ரீடின் ஒலியும் பக்கத்துப் பக்கத்து வீடு. பாட்டு எங்கே முடிந்து வாத்தியம் எங்கே தொடங்குகிறது என்றே சில இடங்களில் தெரியாது.

இனி வாத்தியத்துக்கு வருவோம். ப்ளூஸ்காரர்கள் வைத்திருப்பது பத்துத் துளை மவுத் ஆர்கன். துளைக்கு இரண்டு ரீடு: ஊதினால் ஒன்று, இழுத்தால் ஒன்று, மொத்தம் இருபது. ஒரு கட்டை சுருதிக்கான வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது நம்முடைய சங்கராபரணம். ப்ளூஸ்காரர் அதன் ஸவிலிருந்து வாசிக்க மாட்டார். அதன் பவை ஸவாக வைத்துக்கொள்வார். சங்கராபரணத்தில் பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்தால் என்ன வரும் என்று கிரகபேதம் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், ஹரிகாம்போதி. கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த நி, வந்துவிட்டது. ப்ளூஸின் ஏக்கத்தில் பாதி அதில் இருக்கிறது. இப்படி வாசிப்பதற்கு அங்கே 'கிராஸ் ஹார்ப்' என்று பெயர்.

ஆகவே பாட்டு ஐந்து கட்டை என்றால் கையில் ஒரு கட்டை வாத்தியம். பாட்டு மூன்று கட்டை என்றால் ஆறு கட்டை வாத்தியம். புதிதாக வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். பாட்டின் சுருதியிலேயே வாத்தியத்தை வாங்கிவிட்டு, பிறகு ஏன் தட்டில் கேட்ட மாதிரி வரவில்லை என்று மாதக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார்கள்.

பாட்டின் ஸவிலிருந்து கணக்கிட்டால், 1 முதல் 5 வரையான துளைகளை வரிசையாக இழுக்கும்போது வருவது ப, ஸ, க, ப, நி. பாட்டுக்கு முதுகெலும்பான ஸ்வரங்கள் எல்லாமே இழுப்பில். ஊதினால் ம, த, ஸ. எனவே பாட்டு ஸ கார்டில் (ஸவை அடியாகக் கொண்டு சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டம்) நிற்கும்போது இழுக்க வேண்டும், ம கார்டுக்குப் போகும்போது ஊத வேண்டும். ப கார்டு வரும்போதுதான் வம்பு. அந்தக் கார்டுக்கு வேண்டிய காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த நி, இந்தத் துளைகளில் நேராகக் கிடைக்காது, 5ஐ இழுத்தால் கைசிகி வந்து கிட்டாரோடு இடிக்கும். அங்கே 1 அல்லது 4ஐ இழுத்து, ப மட்டும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது உத்தமம். ஆரம்பக்காரர்கள் அந்த ஓர் இடத்தில்தான் ஏதேதோ வாசித்து மாட்டிக்கொள்வார்கள்.

இழுப்பில் இன்னொரு வசதி உண்டு. நாக்கின் நிலையை மாற்றி வாய்க்குள் இருக்கும் இடத்தின் வடிவத்தை மாற்றி இழுத்தால் ஸ்வரம் கீழே சரியும். 'பெண்டிங்' என்பார்கள்; நம் காதுக்கு ஜாரு. எவ்வளவு சரியும் என்பதைத் துளையில் இருக்கும் இரண்டு ரீடுகளுக்கும் உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது. கீழே இருக்கும் ரீடுக்கு அரைச் சுரம் மேலே வரை இறங்கலாம், அதற்குக் கீழே போகாது. 3ஆம் துளையின் இழுப்பு அரை அரையாக மூன்று படி இறங்கும், 2 இரண்டு படி, 1, 4, 6 ஒவ்வொரு படி. 5இல் இரண்டு ரீடுகளும் ஒட்டி நிற்பதால் அதை முழு அரைச் சுரம் சரிக்க முடியாது. 3ஐ ஒரு படி இறக்கினால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகும். 4ஐ இறக்கினால் பஞ்சமம் பிரதி மத்தியமமாகும். ப்ளூஸ்காரர்களின் 'நீல ஸ்வரங்கள்' என்பவை இவைதான். படிக்கு நேராக நின்றுவிட்டால் அது ப்ளூஸ் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்க வேண்டும்.

2ஆம் துளை இழுப்பில் சத்தமே வரவில்லை, ரீடு போய்விட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் ஏராளம். ரீடு நன்றாகத்தான் இருக்கும். வாய் இறுகி, நாக்கு மேலே ஏறி, தெரியாமலே பெண்டு செய்துகொண்டிருப்பார்கள். கொட்டாவி விடுவது போலத் தொண்டையைத் திறந்து மெல்ல இழுத்தால் வந்துவிடும். நிஜமாகவே ரீடு போவது வேறு விதம், வழக்கமாக 4 அல்லது 5ஆம் துளை இழுப்பில். ஓங்கி ஓங்கி இழுத்ததால் பித்தளை களைத்துப்போய்ச் சுருதி இறங்கிவிடும். நுனியில் லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஆனால் களைத்த ரீடைச் சுரண்டி ஏற்றினாலும் சில நாளில் மறுபடி இறங்கும், பிறகு ஒடியும்.

அந்தக் காலத்து ஹோனர் கம்பெனியின் மரீன் பேண்ட் மவுத் ஆர்கனில் நடுச் சீப்பு, அதாவது ரீடுத் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் சட்டம், பேரி மரம். மூடித் தகடுகள் ஆணி அடித்தவை, திறந்து பார்ப்பதே பெரும்பாடு. எச்சில் ஊறி மரம் உப்பும். உப்பினால் பற்கள் வெளியே துருத்தி உதட்டைக் கிழிக்கும். பழைய ஆட்கள் வேண்டுமென்றே தண்ணீரில் முக்கி வாசிப்பதும் உண்டு. மரம் உப்பிச் சந்துகளை அடைத்துவிட்டால் காற்று கசியாது, சத்தம் கூடும். மறுநாள் காய்ந்து சுருங்கும்போது முன்னைவிட அதிகமாகக் கசியும், அதனால் மறுபடி முக்க வேண்டும். அந்த ஆட்டம் ரொம்ப நாள் ஓடாது.

ஸ்லிம் ஹார்ப்போ கிட்டாரும் வாசித்தார். அப்போது மவுத் ஆர்கன் கழுத்தில் மாட்டும் கம்பி ஸ்டாண்டில் இருக்கும். இதுதான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம். லிட்டில் வால்டரும் லூசியானாவில் பிறந்தவர்தான். சிகாகோவுக்குப் போய், மைக்கையும் வாத்தியத்தையும் சேர்த்து இரண்டு கையாலும் பொத்தி, ஆம்ப்ளிஃபயரைக் கதறவிட்டார். பொத்திய கையைத் திறந்து மூடினால் 'வா வா' என்று ஒலி அழும். விரல்களை விசிறினால் நடுக்கம் வரும். ஸ்டாண்டில் மாட்டியவுடன் இதெல்லாம் போச்சு. நடுக்கம் வேண்டுமா, தொண்டையிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வர வேண்டும். சத்தம் கூட்ட வேண்டுமா, முன்னால் நிற்கும் மைக்கை நோக்கித் தலையோடு சேர்த்துச் சாய வேண்டும். வேகமாகத் துளை மாறினால் வாத்தியம் ஸ்டாண்டோடு ஆடும், வாய் அதைத் துரத்தும். திருகு தளர்ந்திருந்தால் பாட்டின் நடுவில் மெல்ல நெஞ்சுப் பக்கம் கவிழும். கையில் கிட்டார் இருப்பதால் தூக்கி நிறுத்தவும் முடியாது. வாத்தியத்தை உதட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, பாடும்போது குரல் அதற்கு மேலாகப் போகும்படி வைப்பதுதான் தோதான உயரம். நேர் எதிரே வைத்தால் குரலை மறைத்துவிடும்.

இப்படிக் கட்டிப்போட்ட நிலையில் ஒருவரால் எதை உருப்படியாக வாசிக்க முடியும்? துளை அதிகம் மாறாத, நீளமாக நிற்கும், சரிந்து இறங்கும் ஒன்றிரண்டு ஸ்வரங்களை. ஜிம்மி ரீட் என்ற ப்ளூஸ் பாடகரும் ஸ்டாண்டுக்காரர்தான். அவர் மேல்பக்கத்துத் துளைகளில் கீச்சென்று ஊதிச் சரிப்பார். ஸ்லிம் ஹார்ப்போ பெரும்பாலும் கீழும் நடுவுமாக இழுப்பிலேயே தங்கிவிடுவார். கிட்டாரைக் குழுவிடம் கொடுத்துவிட்டு வாத்தியத்தைக் கையில் பிடித்த பதிவுகளிலும் அந்தச் சிக்கனம் மாறவில்லை. பழகிய கணக்கு அது.

மூச்சுக் கணக்கையும் பாருங்கள். ப்ளூஸின் வழக்கமான அமைப்பு 12 பார். பாருக்கு நாலு அடி. நாலு நாலு பாராக மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் ஏறக்குறைய முதல் இரண்டு பார் பாட்டு, மிச்சம் இரண்டு பார் வாத்தியத்தின் பதில். பாட்டு மூச்சைக் காலி செய்கிறது. வரி முடியும்போது நுரையீரல் வெறுமை. அடுத்து மவுத் ஆர்கனை இழுக்க வேண்டும், அதாவது மூச்சு உள்ளே வர வேண்டும். பாடுவதும் இழுப்பதும் ஒன்றுக்கொன்று கைமாற்றுக் கொடுத்துக்கொள்கின்றன. ஆனால் நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் இரண்டு பார் என்பது ஆறு விநாடி. ஆறு விநாடியும் விடாமல் இழுத்தால் மார்பு நிறைந்து திணறிப்போய் அடுத்த வரியைத் தொடங்கும்போது முதல் சொல் வெடித்துக்கொண்டு வரும். பாடிக்கொண்டே வாசிப்பவர்களிடம் அடிக்கடி காணும் கோளாறு இது. மூச்சு போதவில்லை என்று நினைப்பார்கள், உண்மையில் மூச்சு மிஞ்சிப்போயிருக்கும். மூக்கு வழியாகக் கொஞ்சம் விடலாம், இடையில் ஓர் ஊதல் ஸ்வரத்தை நுழைக்கலாம். அல்லது ஸ்லிம் ஹார்ப்போ மாதிரி மூன்று விநாடி இழுத்துவிட்டு மிச்சத்தை கிட்டாருக்கும் டிரம்முக்கும் விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் இரவு இரண்டு மணிக்கும் குரல் இருக்கும். கொட்டகையில் ஆடுகிறவர்களுக்கு வேண்டியதும் அந்த இடைவெளிதான்.

1961இல் 'ரெயினின் இன் மை ஹார்ட்' அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் பொதுப் பட்டியலில் 34ஆம் இடம் வரை போனது. ப்ளூஸ் என்பதைவிட மெதுவான காதல் பாட்டு, நடுவில் பேச்சு. எக்செல்லோவின் விற்பனைக்குப் பின்னால் இருந்தது நாஷ்வில்லின் டபிள்யூ.எல்.ஏ.சி. வானொலி, 50,000 வாட். மத்திய அலை இரவில் வெகுதூரம் போகும். எர்னி யங்கின் கடையே நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்க, அறிவிப்பாளர் பாட்டைப் போட்டுவிட்டு, தட்டுகளைத் தபாலில் வாங்கிக்கொள்ளச் சொல்வார். தெற்கில் எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கும் ஆளுக்கு இசைத்தட்டுக் கடை தேவையே இல்லை. உள்ளூரிலேயே குடியிருந்த ஒரு பாடகரை நாடு முழுக்கக் கொண்டுபோனது இந்த ஏற்பாடுதான்.

பாட்டு ஓடியதும் பணத் தகராறு. சில காலம் மில்லர் பக்கமே போகவில்லை. இதற்கிடையே கடலுக்கு அப்பால் 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தில் 'கிங் பீ'யைப் பாடினார்கள், கிங்க்ஸ் என்ற இன்னொரு குழுவினர் மறுபக்கத்துப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். ஸ்லிம் ஹார்ப்போவே பாடியிருக்கும்போது நாங்கள் பாடுவதை எதற்குக் கேட்க வேண்டும் என்று ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகர் பின்னாளில் கேட்டார். நியாயமான கேள்வி.

1966இல் 'பேபி ஸ்கிராட்ச் மை பேக்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் 16. இதைப் பாட்டு என்பதே அதிகம், பெரும்பாலும் பேச்சு. முதுகைச் சொறியச் சொல்கிறார், கிட்டார் கோழி சீய்ப்பது போலச் சீய்க்கிறது, மவுத் ஆர்கன் சுகமாக முனகுகிறது. இவ்வளவு குறைந்த சரக்கை வைத்து முதலிடம் பிடித்தவர்கள் அபூர்வம். கிரௌலிக் கூடத்தில் தாளம் வழக்கமான டிரம்மோடு நின்றுவிடவில்லை. அங்கே பாடி வாசித்த லேஸி லெஸ்டர் என்ற மவுத் ஆர்கன்காரர் அட்டைப்பெட்டியிலும் சுருட்டிய செய்தித்தாளிலும் தட்டி எழுப்பிய சத்தங்கள் பல எக்செல்லோ தட்டுகளில் இருக்கின்றன. அதே ஆண்டு 'ஷேக் யுவர் ஹிப்ஸ்', கார்டே மாறாமல் ஒரே இடத்தில் நின்று கொதிக்கும் பாட்டு. 1972இல் ஸ்டோன்ஸ் அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

முதலிடம் பிடித்த பிறகும் அவர் பேட்டன் ரூஜை விடவில்லை. 60களில் சொந்தமாக லாரித் தொழில் நடத்தினார். பாட்டு உபரி, லாரி சோறு. பாட்டை முழுநேரமாக நம்பவில்லை என்பதைச் சிலர் குறையாக எழுதுகிறார்கள். லேபிளில் யார் பெயர் இருந்தது என்று பார்த்தால், அந்தக் கணக்கும் சரியாகத்தான் போட்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. எக்செல்லோ கைமாறிய பிறகு மில்லரை விட்டு நாஷ்வில்லில் பதிவுசெய்தார். 'டிப் ஆன் இன்' அந்தக் காலத்தது. ஐரோப்பாவுக்கு முதல் சுற்றுப்பயணம் ஏற்பாடாகியிருந்தது. 1970 ஜனவரி 31 அன்று மாரடைப்பு. வயது 46. போர்ட் ஆலன் பக்கத்தில் முலாட்டோ பெண்ட் இடுகாட்டில் புதைத்திருக்கிறார்கள்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'கிங் பீ'யில் தொடங்குங்கள். தாழ்ந்த தந்தியில் வழுக்கி வரும் தேனீ ரீங்காரத்தை முதலில் பிடித்துக்கொண்டு, அதன் மேல் மவுத் ஆர்கன் எத்தனை தடவை வாய் திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்து 'ஸ்கிராட்ச் மை பேக்'. கடைசியாக 1961இல் அலபாமாவின் மொபைல் நகரில், ஓர் ஆர்மரி அரங்கில் நடன நிகழ்ச்சியில் பிடித்த நேரடிப் பதிவு, 1997இல்தான் வெளிவந்தது. ஒலி சுமார்தான். அன்று பிறர் பாட்டுகளையும் சேர்த்துப் பாடுகிறார், கூட்டம் பேசிக்கொண்டே ஆடுகிறது. மவுத் ஆர்கனை இழுத்து முடித்து அடுத்த வரிக்கு வாய் மாறும் அந்தச் சின்ன இடைவெளியைக் கூர்ந்து கேளுங்கள். ஓரிடத்திலும் மூச்சு வாங்கும் அவசரம் தெரியாது.